பெட்சி ஓடிப்போகவில்லை

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மூன்று நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இனியும் மலைமேல் நாயுடுபுரத்தில் தனியாகக் கிடந்து குளிரில் நடுங்க வேண்டாம், மதுரைக்கே வந்துவிடுங்கள், பின்பக்க அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன், தாத்தா எப்போது வருவார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அன்போடுதான் எழுதியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காமாட்சியும் ஓரத்தில் நாலு வரி தன் கையால் சேர்த்திருக்கிறாள். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

வருகிறேன் என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். அதற்காகத்தான் கார்டு வாங்கி வந்தேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற சேதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன் வீட்டில் வந்து படுத்தால், காலையில் நீ கொண்டுவந்து தருகிற காப்பி என் தொண்டையில் இறங்காது. எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது. போன மழைக்கு வலது முழங்கால் மடக்க வராமல் போய்விட்டது. ஏணியில் ஏறுகிற குழாய் வேலைக்கு இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. இன்னும் எத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டிருப்பது? ஆகவே சொல்கிறேன். பெட்சி ஓடிப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவள் நம்மிடம் வந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். ஏரிக்கு மேலே இருந்த அந்தப் பெரிய பங்களாவிலும் துரையும் துரைசானியும் சாமான்களை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆளில்லாத வீட்டில் உறைபனி விழுந்தால் குழாய்களுக்குள் தண்ணீர் இறுகி வெடித்துவிடும் என்பதால், தண்ணீரை வடித்து வாசல் வால்வை அடைத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பியிருந்தார்கள். உனக்குப் பதினேழு வயசு, பள்ளி விடுமுறை, என்னோடு வந்தாய். விறகுக் கொட்டகை வாசலில் தோட்டக்கார மாரிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான்.

“அண்ணே, உள்ள பெட்சி கெடக்கு. தொரை ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மாட்டாஸ்பத்திரியில குடுக்கச் சொன்னாரு. என்ன எழுதியிருக்குன்னு தெரியல. ஆனா அந்தம்மா கார்ல ஏறையில அழுத அழுகையப் பார்த்தா நல்ல சேதியாத் தோணலண்ணே. மூணு நாளாச்சு, எனக்குக் கால் எழும்ப மாட்டேங்குது.”

அந்தச் சீட்டை வாங்கிப் படித்தவன் நீதான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மாரிமுத்துவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நீ இரண்டு தடவை படித்துவிட்டு, “நாய்க்கு வயசாகிருச்சு, கப்பல்ல கூட்டிட்டுப் போக முடியாது, வலியில்லாம முடிச்சிருங்கன்னு எழுதியிருக்குப்பா” என்றாய். கதவைத் திறந்தோம். சாக்கின் மேல் படுத்திருந்தாள். காது தொங்குகிற பழுப்பு நாய். மூக்கைச் சுற்றி முழுக்க நரை. ஒரு கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெள்ளை. எழுந்து நின்று எங்களைப் பார்க்கவில்லை, எங்களைத் தாண்டி, கார் வருகிற பாதையைப் பார்த்தாள். “அப்பா, நாம வச்சுக்கலாம்ப்பா” என்றாய். நாம் மூன்று பேர் காலை நீட்டவே இடமில்லாத வீடு, பத்து வயசுக்கு மேலான நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கேட்டேன். நீ அந்தச் சீட்டை நாலாகக் கிழித்து உன் பைக்குள் போட்டுக்கொண்டாய். கிழித்தது நான் இல்லை, நீ. அதை மறந்துவிடாதே. அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. பெருமைப்பட்டதைச் சொல்லாமலும், கோபப்பட்டதை மட்டும் ஊர் கேட்கச் சொல்லியும் வளர்த்துவிட்டேன். உன் பிள்ளைகளிடம் நீ அப்படி இருக்காதே.

உன் அம்மா வாசலிலேயே மறித்தாள். “ரொட்டியும் வெண்ணெயும் தின்னு வளந்த கழுத, நம்ம வீட்டுக் கேப்பக்களியத் திங்குமாக்கும்?” என்றாள். பெட்சி தின்றாள். தட்டைக் கழுவி வைத்த மாதிரி நக்கிவிட்டு உன் அம்மாவின் காலடியில் போய்ப் படுத்தாள். தெருவில் எல்லோர் வாயிலும் பெட்சி இரண்டே வாரத்தில் பேச்சியாகிவிட்டாள். உன் அம்மாவுக்கு அது பெரிய சங்கடம். “எங்க பொறந்த வீட்டுக் குலசாமி பேரு பேச்சி. அந்தப் பேரச் சொல்லி நான் எப்படி வையறது?” என்று, கடைசிவரை அவளுக்கு மட்டும் ‘ஏ கழுத’தான்.

முதல் நாலு மாசம் பெட்சி தினமும் மத்தியானம் கிளம்பி அந்தப் பங்களா வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். பள்ளி விட்டதும் நீ நேராக அங்கே போவாய். அவளுக்குத் தமிழ் புரியாது என்று நீயாக முடிவு செய்து, இங்கிலீஷில் பேசிப் பேசிக் கூட்டி வருவாய். மழை நாளில் ஏற்றத்தில் அவளால் நடக்க முடியாமல் போனால், கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் சேறாக வந்து நிற்பாய். பிறகு ஒருநாள் அவளாகவே போவதை நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் என்னோடு வேலைக்கு வரத் தொடங்கினாள். நான் குழாய் முனையில் திருகுமரை வெட்டிக்கொண்டிருந்தால், என் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு தூங்குவாள். கால் மரத்துப்போனாலும் நான் நகர்த்தியதில்லை. எல்லோரும் என்னை முரடன் என்றுதான் சொல்வார்கள், நீயும் நினைத்திருப்பாய், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நாயிடம் நான் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அதே தயவை உன்னிடம் காட்டவில்லை என்பதுதான் நான் செய்த தப்பு. இப்போது அதற்குத்தான் வருகிறேன்.

நாலாவது வருஷம் அவளுக்கு மற்றக் கண்ணும் போய்விட்டது. மூத்திரத்தை அடக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே விட்டுவிடுவாள். உன் வேலைக்கு நேர்முகம் வந்திருந்த சமயம். மதுரைக்குப் போட்டுக்கொண்டு போக மடித்து வைத்திருந்த புதுக் கால்சட்டையின் மேல் அவள் மூத்திரம் போய்விட்டாள். நீ அவளை இழுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிற மழையில் முளைக்குச்சியில் கட்டிவிட்டாய். நான் வேலை முடிந்து வந்தபோது அவள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். யார் கட்டியது என்று கேட்டேன். நாந்தேன் என்றாய். தெருவில் எதிர் வீட்டுக்காரர்கள், அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க உன் கன்னத்தில் அறைந்தேன். இருபத்தொரு வயசுப் பிள்ளையை.  அந்தக் கால்சட்டையை நீயே துவைத்து, அடுப்பு மேல் காயவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு காலை வண்டிக்குப் போனாய். வேலையும் கிடைத்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளையை நாலு பேர் முன்னால் கைநீட்டி அடித்தவனிடம், அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் எதையும் வந்து கேட்காது. இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

அடுத்த வருஷம் காமாட்சி வீட்டாரிடம் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று ஆனதும், நீ ஒரு வாரம் லீவு போட்டு வந்தாய். முன்னறையில் கிடந்த என் குழாய்த் துண்டுகளையும் பையையும் பார்த்துவிட்டு, “அப்பா, இதையெல்லாம் கொஞ்சம் பின்னாடி வச்சிருவமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாய். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய் அடுக்கிவிட்டேன். நீ கேட்டாய், நான் செய்தேன். பெட்சியைப் பற்றி நீ கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பண்ணைக்காட்டுக்கு ஒரு காப்பித் தோட்டத்துத் தொட்டி வேலையாகக் கிளம்பினேன். மூன்று நாள் வேலை. “வெரசா வந்துருங்கப்பா” என்று நீ பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினாய்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆட்டுக்கறி வாசம். விசேஷம் ஒன்றும் இல்லாத நாளில் நம் வீட்டில் கறி எடுப்பது உனக்கே தெரியும், எப்போதாவது ஒருதரம். பிள்ளை வந்திருக்கிறான், அதற்காக எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்சி எங்கே என்றேன். உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “புதன்கெழம வெள்ளனே கதவத் தொறந்தேன், வெளிய போச்சு, வரவே இல்ல” என்றாள். நீ, “வயசான நாய்ப்பா. சாவுற நேரத்துல அதுக ஒதுங்கிப் போயிரும்னு சொல்லுவாங்க” என்றாய். உன் அம்மா முந்தின நாள் ஆக்கி எனக்காகச் சுண்டவைத்து எடுத்து வைத்திருந்த கறியைப் போட்டாள். பசி. சாப்பிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தேடக் கிளம்பினேன். நீயும் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தாய். பங்களா வாசலுக்குப் போனோம், ஏரியைச் சுற்றினோம், சோலைக்குள் இறங்கி ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்தோம். அட்டை கடித்து உன் காலில் ரத்தம் வந்தது. “பெட்சி, பெட்சி” என்று நீ கூப்பிட்டாய். என் குரலைவிட உன் குரல் உரக்க இருந்தது. எதிரில் வந்த விறகுக்காரப் பெண்களை நிறுத்தி, அடையாளம் சொல்லி விசாரித்ததும் நீதான். மகனே, நீ அவளைக் கொண்டுபோய் விட்டதைக்கூட நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். ஆனால் என் பக்கத்தில் நடந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயே, அதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அன்று நான் உன் தோளைத் தட்டி, “விடுப்பா, நீ என்ன செய்வ?” என்று உனக்கு ஆறுதல் சொன்னேன். நீ அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்து போனார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நீ மதுரைக்குத் திரும்பினாய். நான் இன்னும் மூன்று வாரம், வேலைக்குப் போகிற இடமெல்லாம் தேடினேன். ஒன்றரை மாசம் கழித்துப் பெருமாள்மலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, கீழே அடுக்கம் கிராமத்திலிருந்து எலுமிச்சங்காய் மூட்டை ஏற்றி வந்த ஒருவர் கடைக்காரரிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். “எங்க ஊர்ல இப்ப தொரைமாரு நாயெல்லாம் இருக்குல்ல. பேண்டு போட்ட தம்பி ஒருத்தரு தோள்ல தூக்கிக்கிட்டு எறங்குனாரு. தம்பி போயிட்டாரு, நாய் மட்டும் மரத்துல கட்டிக் கெடக்கு. ரெண்டு கண்ணும் தெரியல. வெள்ளையம்மாக்கா வச்சுக் கஞ்சி ஊத்துது” என்றார். எனக்கு டீ டம்ளரைக் கீழே வைக்கக்கூட நினைவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு கடையை விட்டு இறங்கிவிட்டேன் போல. கடைக்காரர் பின்னாலேயே வந்து வாங்கிக்கொண்டார்.

அன்றைய வேலையை விட்டுவிட்டு அடுக்கம் பாதையில் நடந்தேன். வெள்ளையம்மாள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவள், இரண்டு மாடும் கொஞ்சம் வாழையும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள். வாசலில் பெட்சி வெயிலில் படுத்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. நாலடி தூரத்தில் நின்றேன். மூக்கைத் தூக்கினாள். எழுந்து, முன்னங்காலால் தரையைத் தடவித் தடவி வந்து, என் முழங்காலை மோந்தாள், கையை மோந்தாள். அப்படியே என் பாதத்தின் மேல் படுத்துவிட்டாள். நான் அழுதேன். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு சொன்னாள். “சாயங்காலம் மாடு பத்தியாரையில பார்த்தேங்க. சணல் கயித்துல ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டியிருந்துச்சு. அறுத்துத்தேன் எடுத்தேன். பக்கத்துல வட்டில்ல கறிச்சோறு வச்சிருந்துச்சு. ஒரு வாய் தொடல. எறும்பு மொச்சுக் கெடந்துச்சு.” அந்த வட்டிலை எடுத்து வந்து காட்டினாள். ஓரத்தில் பூச்சு உதிர்ந்த நம் வீட்டு வட்டில். கயிறு, நான் குழாய் மூட்டில் சுற்றுகிற சணலை முறுக்கித் திரித்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நீ மட்டும் இல்லை, உன் அம்மாவும். அந்தக் கறியைப் பெட்சிக்காகத்தான் ஆக்கியிருக்கிறீர்கள். அவள் தொடவில்லை. மிச்சத்தை நான் தின்றிருக்கிறேன்.

தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளையம்மாள் மறிக்கவில்லை. “கொண்டு போங்க, உங்க நாய். ஆனா எங்க கொண்டு போவீங்க? அந்த வீட்டுக்குத்தேனா?” என்று மட்டும் கேட்டாள்.  தை மாசம் உன் கல்யாணம். நான் பெட்சியோடு வீட்டுக்குள் நுழைந்தால், நீயும் உன் அம்மாவும் என் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? நான் என்னென்ன பேசுவேன், எவ்வளவு தூரம் போவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. என் கோபம் எப்படிப்பட்டது என்று தெரியாதா? கல்யாணம் நின்றாலும் நின்றிருக்கும். பெட்சியை மறுபடி அந்த வாசலிலேயே இறக்கி விட்டேன். நீ அவளை ஒருமுறை அங்கே விட்டாய். தெரிந்தே இரண்டாவது முறை விட்டவன் நான். உன்னைக் குற்றம் சொல்கிற இந்தக் கடிதத்தில் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, பெருமாள்மலையில் சோலி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போய்வந்தேன். உன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுக்கத்தில் ஒரு பொம்பளை வீட்டுக்கு உன் வீட்டுக்காரர் போகிறார் என்று யாரோ வந்து அவளிடம் வத்தி வைத்துவிட்டார்கள். ஒரு காலை நான் கிளம்பும்போது கதவில் கையை வைத்து மறித்தாள். “இந்த வயசுலயா? மருமக வரப்போற நேரத்துலயா?” என்று கேட்டுவிட்டு, குரல் உடைந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. “நான் பார்க்கப் போறது பொம்பளைய இல்ல. நம்ம பேச்சிய” என்றேன். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்திருக்க வேண்டாம்.  பிறகு, “அவன் ரொம்ப அழுதாங்க. பொண்ணோட அப்பாவுக்கு நாயின்னா ஆகாது, வீட்டுக்குள்ள மூத்திர வாடை அடிச்சா இந்தச் சம்பந்தம் போயிரும்மா, அப்பாகிட்டக் கேட்டா மறுபடி அடிப்பாருன்னான். நாந்தேன் சரின்னேன். வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னு நாந்தேன் கறி எடுத்தேன்” என்றாள்.

அன்று அவளும் என்னோடு அடுக்கத்துக்கு வந்தாள். அவ்வளவு தூரம் இறங்கி ஏறிப் பழக்கமில்லாதவள், வழியில் ஆறு இடத்தில் உட்கார்ந்தாள். பெட்சி அவளையும் மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டினாள். அதைத் தாங்க முடியாமல் உன் அம்மா, வெள்ளையம்மாளின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். திரும்பி ஏறும்போது என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அவன் இந்த வீட்டுப் படி ஏறமாட்டான் என்றாள். கொடுத்தேன். உன் கல்யாணப் பந்தலில் மாலையும் கழுத்துமாக நீ என் காலில் விழுந்தபோது, உன் தலையில் கைவைத்து மனதார வாழ்த்தினேன். மனதாரத்தான். ஆனால் கையை எடுத்த அடுத்த நொடி, இவன் என்னிடம் இன்னும் என்னென்ன மறைத்திருப்பான் என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு நீ சொன்ன எந்தச் சேதியையும், நல்லதோ கெட்டதோ, ஒருமுறை சந்தேகப்படாமல் நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு முதல்தரம் உடம்புக்கு முடியாதபோது, மதுரையில் பெரிய டாக்டரைப் பார்த்தேன், பயப்பட ஒன்றும் இல்லையாம் என்று நீ சொன்னபோதும், உண்மையைத்தான் சொல்கிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தடவை நீ சொன்னது பொய் இல்லை என்று பிறகு டாக்டரே சொன்னார். உன்னை அப்படிப் பார்க்க வேண்டி வந்ததற்காகத்தான் எனக்கு வருத்தம்.

பெட்சி பங்குனி மாசம் வரைக்கும் இருந்தாள். ஒரு ஞாயிறு நான் போனபோது வெள்ளையம்மாள் எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டி முடித்து, மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். “வெள்ளனே எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சுச்சு. வெயில் வந்ததும் படுத்துச்சு. அம்புட்டுத்தேன்” என்றாள். மண் தள்ளும் வேலையை நான் வாங்கிச் செய்தேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்று தள்ளப்பட்ட நாய், தன் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு முன்பின் அறியாத மனுஷியிடம் ஐந்து மாசம் மரியாதையாக இருந்து செத்தது. அந்த அம்மாள் இப்போதும் இருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ இதையெல்லாம் படித்துவிட்டு, அப்பா கடைசிக் காலத்தில் குத்திக்காட்டுகிறார் என்று நினைக்கலாம். நாய்க்குச் செய்ததைப் போல நாளைக்குத் தனக்கும் செய்துவிடுவான் என்று பயப்படுகிறார் என்றும் நினைக்கலாம். அந்தப் பயம் எனக்குக் கொஞ்சம்கூட இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நீ அப்படிச் செய்யமாட்டாய் என்றுதான் நம்புகிறேன். செய்வதானாலும், முதலில் என்னிடம் சொல்லிவிட்டுச் செய். நான் வேண்டாதவனாகிவிட்டால் முகத்துக்கு நேரே சொல். நான் கத்துவேன், ஆனால் இப்போது அடிக்கிற கை இல்லை.

அன்றைக்கு நீ என்னிடம் கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். சம்பந்தம் போனால் போகட்டும் என்றுதான் குதித்திருப்பேன். பிறகு ஒருவேளை உன் அம்மா பேசி, ஒரு வாரத்துக்கு மாரிமுத்து வீட்டில் விட்டுவைக்கலாம் என்று ஒரு வழி பிறந்திருக்கும். அவன் சந்தோஷமாக வைத்திருப்பான். அவ்வளவு சின்ன வழி. உனக்கும் தோன்றவில்லை, உன் அம்மாவுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, பக்கத்தில் இருக்கிற வழி யாருக்கும் கண்ணில் படாது போல.

சத்தியம் வாங்கினவள் போய்விட்டாள். அவளிடம் கொடுத்த வாக்கை இன்று உடைத்திருக்கிறேன். அவள் என்னை மன்னிப்பாள் என்று நினைக்கிறேன். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது உன் கன்னத்தில் விட்ட அந்த அறைக்காக. ஒன்பது வருஷம் தாமதமாகக் கேட்கிறேன். நீ என்னிடம் கேட்க வேண்டியதை நான் சொல்லித் தரமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். காலையில் நீ கட்டியிருக்கிறாய், சாயங்காலம்தான் அந்த அம்மாள் பார்த்திருக்கிறாள். கட்டி முடித்த பிறகு நீ உடனே திரும்பிவிட்டாயா, கொஞ்ச நேரம் நின்றாயா? அவள் உன்னைக் கூப்பிட்டுக் குரைத்தாளா? இதைச் சொல்ல இந்த உலகத்தில் உன்னைத் தவிர ஆள் கிடையாது.

காகிதத்தில் எழுதி அனுப்பாதே. நீ எழுதினால் அழகாக எழுதிவிடுவாய். அடுத்த சனிக்கிழமை காலை வண்டியில் தனியாகக் கிளம்பி வா. என் எதிரில் உட்கார்ந்து உள்ளதைச் சொல். அது எப்படிப்பட்ட பதிலாக இருந்தாலும் நான் கேட்டுக்கொள்வேன். கேட்டு முடித்த பிறகு, உன்னோடு மதுரைக்கு வருவதா இல்லையா என்று என் பதிலைச் சொல்கிறேன்.

உன் அப்பா